உறையைத் திருப்பிக் கொடுத்தேன், புடவையை வைத்துக்கொண்டேன்: நாக் குழுவில் போய் வந்த ஒரு பேராசிரியருக்குப் பதில்

இந்த வாரம் வந்த கடிதம் நீளமானது. எழுதியவர் தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கல்லூரியில் இணைப் பேராசிரியர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் சொல்கிறேன்.

தேசிய தர மதிப்பீடு மற்றும் அங்கீகார கவுன்சில், நாம் எல்லோரும் ‘நாக்’ என்று சொல்வது, அதன் பியர் டீம் (கல்லூரிக்கு நேரில் போய் ஆய்வு செய்யும் குழு) உறுப்பினராக இவரை முதல்முறையாக அனுப்பியிருக்கிறது. பக்கத்து மாநிலத்தில், தமிழ் எல்லையை ஒட்டிய ஊரில், ஒரு சுயநிதிக் கல்லூரி. குழுவில் மூன்று பேர். சேர்மன் ஓய்வுபெற்ற துணைவேந்தர், பலமுறை இப்படிப் போய்ப் பழகியவர். முதல் நாள் இரவு ஹோட்டல் அறைக்கு அந்தக் கல்லூரியின் ஐக்யூஏசி, அதாவது உள் தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் வந்து ஒரு பையை வைத்துவிட்டுப் போகிறார். உள்ளே பட்டுப்புடவை, ஒரு பித்தளை விளக்கு, புடவை மடிப்புக்குள் ஓர் உறை. இவர் பதறிப்போய் உறையை மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். புடவையையும் விளக்கையும் கொடுக்கப்போனபோது சேர்மன், “அதெல்லாம் மரியாதைக்குக் கொடுக்கிறது மேடம், திருப்பினால் மனசு சங்கடப்படுவாங்க” என்றாராம். வைத்துக்கொண்டார்.

ஆய்வின்போது இவர் பார்த்தவை: நூலகத்தின் அக்செஷன் ரெஜிஸ்டரில் (வாங்கிய புத்தகங்களைப் பதியும் சேர்க்கைப் பதிவேடு) 2019-லிருந்து 2023 வரையிலான பதிவுகள் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் இருந்தன. புத்தகங்களின் பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டுகள் வெறுமையாக இருந்தன. ஆய்வகத்தில் இரண்டு கருவிகளின் மேல் தெர்மாகோல் துணுக்குகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. மாணவர்களோடு பேசியபோது மூன்று பேர் ‘மென்டர்’ பற்றிய கேள்விக்கு ஒரே வாக்கியத்தை ஒப்பித்தார்கள். வெளியே வரும்போது ஒரு மாணவி தமிழில், “மேடம், இந்த லேபை நேத்துதான் எங்களுக்கே திறந்து காட்டினாங்க” என்று சொல்லிவிட்டு, துறைத்தலைவரைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டாள்.

இவர் இதையெல்லாம் சேர்மனிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன பதில்: “நாம குத்தம் கண்டுபிடிக்க வரலை. கிரேடு குறைஞ்சா கஷ்டப்படப் போறது பசங்கதான்.” அறிக்கையில் நூலகத்தைப் பற்றி ‘போதிய வசதிகளுடன் சிறப்பாக இயங்குகிறது’ என்று எழுதப்பட்டது. இவரும் கையெழுத்துப் போட்டார். கல்லூரிக்கு ‘ஏ பிளஸ்’ கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து அந்தக் குழுமத்தின் தாளாளர் வாட்ஸ்அப்பில் வருகிறார்: எங்கள் இன்னொரு கல்லூரி அடுத்த வருடம் நாக் போகிறது, நீங்கள் ஆலோசகராக வரவேண்டும், தகுந்த மதிப்பூதியம் உண்டு என்று.

இவரது கேள்விகள் இவை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பிறகு என்ன தவறு? நான் அரசு ஊழியர் இல்லையே, ஊழல் சட்டம் எனக்குப் பொருந்துமா? இப்போது புகார் கொடுத்தால் என் வேலைக்கு ஆபத்தா? பெயர் போடாமல் ஒரு கடிதம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமா? அந்த ஆலோசகர் வேலையை ஏற்கலாமா, ஆய்வுதான் முடிந்துவிட்டதே?

மேடம், இனி உங்களோடு நேராகப் பேசுகிறேன்.

நீங்கள் தூக்கம் வராமல் எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. முதல் முறை, தெரியாத ஊர், மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து ‘இதுதான் வழக்கம்’ என்கிறார். உறையை அந்த நிலையிலும் திருப்பிக் கொடுத்தது சின்ன விஷயம் இல்லை. ஆனால் உங்கள் கடிதம் முழுக்க உறையையும் புடவையையுமே சுற்றிச் சுற்றி வருகிறது, நூலக வாக்கியம் ஒரே வரியில் கடந்துபோகிறது. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. சட்டப்படி உங்களுக்குத் தலைவலி தரக்கூடியது புடவைதான், அதைச் சொல்கிறேன். ஆனால் இன்னொருவருக்கு நிஜமாகவே நஷ்டம் உண்டாக்கியது நீங்கள் கையெழுத்திட்ட அந்த வாக்கியம்.

“நான் அரசு ஊழியர் இல்லை” என்ற நினைப்பு

இது பல பேராசிரியர்களிடம் இருக்கிறது, தவறு. ஊழல் தடுப்புச் சட்டம் 1988, ‘பொது ஊழியர்’ என்பதை அரசுச் சம்பளப் பட்டியலை வைத்து மட்டும் தீர்மானிக்கவில்லை. அதன் 2(சி) பிரிவைப் படித்தால், பொதுக் கடமை ஒன்றைச் செய்ய அதிகாரம் தரும் பதவியில் இருக்கும் எவரும் அதற்குள் வருகிறார். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 1994-ல் பெங்களூருவில் உருவாக்கிய அமைப்பு நாக். அதன் சார்பில் ஒரு கல்லூரியை மதிப்பிடப் போகிறவர் செய்வது பொதுக் கடமை இல்லையென்று வாதிடுவது கஷ்டம். உங்கள் விஷயத்தில் அந்த வாதமே தேவையில்லை, ஏனென்றால் அதே பிரிவில் அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனத்தின் ஊழியரும் பொது ஊழியர் என்று தனியாகவே இருக்கிறது. நீங்கள் உதவி பெறும் கல்லூரியில் சம்பளம் வாங்குகிறீர்கள். ஆக இரண்டு வாசல் வழியாகவும் நீங்கள் சட்டத்துக்குள் இருக்கிறீர்கள். நீதிமன்றங்களும் இந்த வரையறையைக் குறுக்கிப் படிக்கவில்லை. குஜராத்தின் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழக அறங்காவலர் வழக்கில், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் இந்தச் சட்டத்தில் சொல்லும் ‘பல்கலைக்கழகம்’தான் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அப்புறம், இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் என்றும் நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு ‘ஏ டபுள் பிளஸ்’ தரம் வாங்கித்தர லஞ்சம் கைமாறியதாகச் சொல்லி சிபிஐ 10 பேரைக் கைது செய்தது. நாக் ஆய்வுக் குழுவின் தலைவரும் உறுப்பினர்களும் அதில் அடக்கம். சுமார் 37 லட்சம் ரூபாய் ரொக்கம், லேப்டாப்கள், ஒரு ஐபோன் எல்லாம் கைப்பற்றப்பட்டதாக சிபிஐ சொன்னது. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு, அதை மறக்கக் கூடாது. நான் சொல்ல வருவது, பேராசிரியர்கள் என்பதற்காக யாரும் அவர்களை விட்டுவைக்கவில்லை.

புடவை

‘மரியாதைக்குக் கொடுத்தது’ என்பது நம் ஊரில் உடனே வாயை அடைக்கும் வார்த்தை. வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், அது நல்ல பழக்கம்தான். ஆனால் நீங்கள் அங்கே விருந்தாளியாகப் போகவில்லை. 2017-ல் முறையைத் திருத்தியபோது, பியர் டீமின் பயணம், தங்குமிடம், மதிப்பூதியம் எல்லாவற்றையும் நாக்கே நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் என்றும், கல்லூரிக்கும் குழு உறுப்பினர்களுக்கும் இடையே எந்தப் பணப் பரிமாற்றமும் கூடாது என்றும் கொண்டுவந்தது ஏன்? கல்லூரியின் காரில் போய், கல்லூரி போட்ட அறையில் தங்கி, கல்லூரி கொடுத்த கவரை வாங்கிக்கொண்டு நடுநிலையாக மார்க் போட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால்தான்.

சட்டத்தில் இதற்குப் பெயர் ‘முறையற்ற ஆதாயம்’. ரொக்கம் மட்டும் இல்லை, சட்டப்படி வரவேண்டிய ஊதியம் தவிர எதுவும் அதில் அடங்கும். 7-வது பிரிவுப்படி, கடமையை முறைகேடாகச் செய்ய அல்லது செய்ததற்குப் பரிசாக அதை வாங்கினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 11-வது பிரிவு இன்னும் கவனிக்க வேண்டியது, பலருக்கு அது இருப்பதே தெரியாது: தன் அலுவல் தொடர்பாக வருகிற ஒருவரிடமிருந்து விலை கொடுக்காமல் ஒரு ஆதாயத்தைப் பெற்றாலே 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. இந்த இரண்டு பிரிவிலும், வாங்கியது நிரூபணமாகிவிட்டால் அது தவறான நோக்கத்துக்காகத்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்க 20-வது பிரிவு சொல்கிறது. ‘இல்லை, அப்படி இல்லை’ என்று காட்ட வேண்டிய பொறுப்பு அப்போது உங்கள் தலையில் விழும். உறையைத் திருப்பியது உங்களுக்குச் சாதகமான நடத்தை, கண்டிப்பாக. ஆனால் அதே பையில் இருந்த புடவையை வைத்துக்கொண்டு கல்லூரிக்குச் சாதகமான அறிக்கையில் கையெழுத்தும் போட்டிருப்பதால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துத்தான் கேட்பார்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் மேல் வழக்கு வரும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் ‘நான் சுத்தம்’ என்ற நினைப்போடு அடுத்த அடி எடுத்து வைத்தால் தப்பான அடியாகப் போய்விடும்.

எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். வளாகத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடும் மதிய உணவு, டீ, தண்ணீர் பாட்டில் பற்றி மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொன்னாடை போர்த்தினால் அந்த மேசையிலேயே மடித்து வைத்துவிட்டு வந்துவிடலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. அறைக்கு வருகிற பை, கதவுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். ஒருவேளை நீங்கள் இல்லாதபோது வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றால், தொடாமல் ஒரு போட்டோ எடுத்து, அன்று இரவே நாக் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: இன்ன நேரத்தில் இது என் அறையில் இருந்தது, நான் ஏற்கவில்லை, திருப்பிக் கொடுக்கிறேன். நான்கு வரி போதும். அந்த நான்கு வரி உங்களிடம் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தையே நீங்கள் எழுதியிருக்க வேண்டியதில்லை.

அந்த ஒரு வாக்கியம்

“எண்களைச் சரிபார்ப்பது வேறு ஆட்கள், எங்கள் வேலை தரம் சார்ந்த கேள்விகள் மட்டும்தான், மூன்றில் ஒரு பங்குகூட எங்கள் கையில் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. கல்லூரி தன் எஸ்எஸ்ஆரில், அதாவது சுய ஆய்வு அறிக்கையில் கொடுக்கும் எண் சார்ந்த விவரங்கள் இணையவழியே டிவிவி என்ற சரிபார்ப்புக்குப் போகின்றன, அதற்குத்தான் ஏறக்குறைய 70 விழுக்காடு எடை. பியர் டீம் கையில் மிச்சம் 30. ஆனால் மொத்தம் 4 புள்ளிக்குத் தரக்கோடுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள்: 3.01 முதல் 3.25 வரை ‘ஏ’, 3.26 முதல் 3.50 வரை ‘ஏ பிளஸ்’, அதற்கு மேல் ‘ஏ டபுள் பிளஸ்’. 3.25-க்கும் 3.26-க்கும் நடுவே நிற்கிற ஒரு கல்லூரிக்கு, ஒரு சில கேள்விகளில் 2 போட வேண்டிய இடத்தில் 3 போட்டாலே போதும், கோட்டைத் தாண்டிவிடும். அது மட்டும் இல்லை, டிவிவி பார்ப்பது அப்லோட் செய்த பிடிஎஃப்களை. ரெஜிஸ்டரின் மை ஒரே நாளில் எழுதப்பட்டது போல இருக்கிறது, கருவியில் தெர்மாகோல் ஒட்டியிருக்கிறது என்பதையெல்லாம் நேரில் போகிற ஆள்தான் பார்க்க முடியும். நேரில் ஆள் அனுப்புவதே அதற்காகத்தானே.

‘குற்றம் கண்டுபிடிக்க வரவில்லை’ என்று சேர்மன் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாக் ஆய்வு போலீஸ் ரெய்டு இல்லை. கல்லூரி தன்னைத் தானே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள உதவுவதுதான் அதன் நோக்கம். ஆனால் குறையை மென்மையாகச் சொல்வது ஒன்று, இல்லாததை இருப்பதாகச் சொல்வது வேறொன்று. நீங்கள் யாரையும் திருடன் என்று எழுத வேண்டியதில்லை. ‘நூலகச் சேர்க்கைப் பதிவேடு அவ்வப்போது பராமரிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. மாணவர்களுக்குப் புத்தகம் வழங்கியதற்கான பதிவுகள் பார்வைக்குக் கிடைக்கவில்லை. ஆய்வகக் கருவிகள் அண்மையில் நிறுவப்பட்டவை, பயன்பாட்டுப் பதிவேடு காட்டப்படவில்லை.’ இவ்வளவுதான். யாரையும் புண்படுத்தாத மூன்று வாக்கியங்கள், கண்ணால் பார்த்தது மட்டும்.

குழுவின் அறிக்கை ஒன்றுதான் என்றாலும் கையெழுத்து மூன்று இருக்கிறது. சேர்மன் மூத்தவர் என்பதால் உங்கள் கையெழுத்தின் பொறுப்பு அவருக்குப் போய்விடாது. ஒத்துவராத இடத்தில் கையெழுத்துக்கு முன்பே, எழுத்தில், ‘இந்தப் பத்தியில் எனக்கு உடன்பாடு இல்லை, காரணம் இது’ என்று சேர்மனுக்கும் நாக் அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கலாம். எக்ஸிட் மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது, பிரின்சிபால் காத்திருக்கிறார், ரயிலுக்கு வேறு போக வேண்டும் என்ற அவசரத்தில்தான் இந்த மாதிரிக் கையெழுத்துகள் விழுகின்றன.

‘கஷ்டப்படப் போவது பசங்கதான்’ என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இதைக் கேட்டாலே எனக்கு மனசு கொதிக்கிறது. அந்த மாணவி உங்களிடம் வந்து சொன்னாளே, அவள்தான் ‘பசங்க’. மூன்று வருடம் அந்த லேப் பூட்டியே கிடந்ததில் நஷ்டம் அவளுக்கு. அவள் சொன்னது அறிக்கையில் ஒரு வரியாகக்கூட வராததால், அடுத்த வருடம் அவளுடைய தங்கை வயதில் இன்னொருத்தி, வாசலில் தொங்கும் ‘ஏ பிளஸ்’ பேனரைப் பார்த்து அங்கே சேர்வாள், அப்பா நகையை வைத்துக் கட்டணம் கட்டுவார். இந்தத் தரத்தை வைத்துத்தான் கல்லூரிகள் தன்னாட்சி கேட்கின்றன, நிதி கேட்கின்றன, சேர்க்கை விளம்பரம் செய்கின்றன. இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏதோ ஒரு தாலுகா தலைநகரில் அரசுக் கலைக் கல்லூரி ஒன்று, பழைய கருவிகளை அப்படியே காட்டி, காலியிடங்களை மறைக்காமல் எழுதி, ‘பி’ வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் உங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். உண்மையைக் காட்டியவர்களுக்குக் கிடைத்த தண்டனை அது.

இனி என்ன செய்யலாம்

மூன்று வழிகள் தெரிகின்றன. ஒவ்வொன்றிலும் உங்களுக்கு என்ன ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, சும்மா இருப்பது. பலர் இதைத்தான் செய்வார்கள். குறுகிய காலத்துக்குப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் அந்தக் கல்லூரி மேலோ சேர்மன் மேலோ வேறு யாராவது புகார் கொடுத்து விசாரணை வந்தால், யார் யாருக்கு என்ன கொடுத்தோம் என்று கல்லூரித் தரப்பு எழுதி வைத்திருக்கும் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும். அப்போது நீங்கள் முன்கூட்டியே பேசியவராக இருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது, நாக்கின் இயக்குநருக்கு நீங்களே பெயர் போட்டு எழுதுவது. என் பரிந்துரை இதுதான், ஆனால் ஊழல் தடுப்பு வழக்குகள் நடத்துகிற ஒரு கிரிமினல் வழக்கறிஞரை நேரில் பார்த்து, கடிதத்தை அவர் கையால் திருத்தி வாங்கிய பிறகு. புடவை வாங்கியதை எழுத்தில் ஒப்புக்கொள்வது உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கடிதத்தில் இருக்க வேண்டியது: பையில் என்ன இருந்தது, உறையை எப்போது யார் கையில் திருப்பினீர்கள், புடவையும் விளக்கும் உங்களிடம் உள்ளன, அவற்றை ஒப்படைக்கத் தயார், நூலகத்திலும் ஆய்வகத்திலும் நீங்கள் கண்டவை, அறிக்கையின் எந்தப் பத்திகள் அதோடு பொருந்தவில்லை. மாணவியைப் பற்றிய விவரம் எதுவும் வேண்டாம். ‘ஒரு மாணவி’ என்றுகூட வேண்டாம், ‘மாணவர் தரப்பிலிருந்து’ என்றால் போதும், அவள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள்.

புடவையைக் கூரியரில் கல்லூரிக்கே அனுப்பிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது இப்போது ஒரு சாட்சியப் பொருள். அதை யாரிடமிருந்து வந்ததோ அவர்களிடமே கொடுத்தால் நீங்கள் சாட்சியத்தை அகற்றியது போல் ஆகலாம். கட்டிக்கொள்ளவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். வந்த பையோடு, கடைப் பெயர் போட்ட அட்டையோடு அப்படியே வையுங்கள். தாளாளரின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஒரு சான்றிதழ் தேவைப்படும், செய்தி அந்த போனிலேயே இருந்தால் வேலை சுலபம்.

மூன்றாவது வழி, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு ரகசியப் புகார். பெயர் போடாத கடிதம் என்று நீங்கள் யோசித்ததற்கு நெருக்கமானது இது, ஆனால் பெயர் போட்டே ஆக வேண்டும். 2004-ல் மத்திய அரசு கொண்டுவந்த பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின்படி, புகாரை ஒட்டிய உறையில் வைத்து, மேலே ‘கம்ப்ளெயிண்ட் அண்டர் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட் டிஸ்குளோஷர்’ என்று எழுதி ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் உள்ளே மட்டும், உறையின் மேல் கூடாது. அனுப்புநர் பெயர் இல்லை என்று தபால் நிலையம் வாங்க மறுக்கக் கூடாது. உங்கள் அடையாளத்தைக் காப்பது ஆணையத்தின் கடமை, அதனாலேயே ஒப்புகைகூட அனுப்ப மாட்டார்கள். நெடுஞ்சாலைத் திட்டத்தில் நடந்த ஊழலைப் பற்றி பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-ல் கயாவில் கொல்லப்பட்டதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. ஆனால் உங்கள் விஷயத்தில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு: போனது மூன்று பேர், உள்ளே நடந்ததைச் சொல்லக்கூடியவர் யார் என்று ஊகிக்க மற்ற இருவருக்கும் நேரம் ஆகாது. தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, ஆனால் இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆகவே முழுக் கவசம் இருப்பதாக நினைத்துக்கொண்டு இந்த வழியில் இறங்காதீர்கள்.

ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால் தப்பிக்கலாமாமே என்று நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது 8-வது பிரிவில், கட்டாயத்தின் பேரில் லஞ்சம் கொடுத்தவருக்கு உள்ள விலக்கு. வாங்கிய பக்கத்தில் இருப்பவருக்குப் பொருந்தாது. உங்களுக்கு நாள் கணக்கு எதுவும் இல்லை, ஆனால் தாமதமாகிற ஒவ்வொரு வாரமும் ‘ஏன் இவ்வளவு நாள்?’ என்ற கேள்வியைக் கனமாக்கும்.

வேலை பற்றிய பயம். உங்கள் கல்லூரி நிர்வாகம் நினைத்த மாத்திரத்தில் உங்களை வெளியே அனுப்ப முடியாது. தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976-ன்படி பணிநீக்கத்துக்கு உரிய அதிகாரியின் முன் ஒப்புதல் வேண்டும். சிறுபான்மை நிறுவனம் என்றால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும், உங்கள் வழக்கறிஞரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடைமுறையில் வரக்கூடியது வேறு மாதிரியான தொல்லை: சேர்மனுக்கு வேண்டியவர்கள் பல்கலைக்கழகக் குழுக்களில் இருப்பார்கள், உங்களைத் தேர்வுப் பணிகளுக்கு, கருத்தரங்குகளுக்கு அழைப்பது குறையலாம். அதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

மானநஷ்ட வழக்கு போடுவார்களோ என்ற பயம் தேவையில்லை, அதிகாரம் உள்ள அமைப்பிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு பேராசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடும் பதிவுக்குக் கிடைக்காது. இப்போது யாரிடம் மனம் திறந்து பேசினாலும், எழுத்தில் வேண்டாம்.

அடுத்த அழைப்பு வந்தால்

இனிமேல் போகவே மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாக்குக்கு நீங்கள் எழுதும் கடிதத்துக்கு ஒரு முடிவு வரும்வரை போகாதீர்கள், சரி. அதற்குப் பிறகும் போக வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அக்செஷன் ரெஜிஸ்டரின் மையைக் கவனித்த ஆள் விலகிக்கொண்டால், கவனிக்காதவர்கள்தான் மிஞ்சுவார்கள். நாக்கும் மாறிக்கொண்டிருக்கிறது, கிரேடுகளுக்குப் பதிலாக அங்கீகாரம் உண்டா இல்லையா என்ற இருநிலை முறைக்குப் போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தது, ஆள் நேரில் போகும் தேவையும் குறைக்கப்பட்டு வருகிறது. முறை எப்படி மாறினாலும் யாரோ ஒருவர் ஒரு காகிதத்தைப் பார்த்து ‘இது உண்மை’ என்று சொல்ல வேண்டியிருக்கும்.

போவதானால், கிளம்பும் முன்பே சில விஷயங்களை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்: அந்தக் கல்லூரியில் உறவினர் படிக்கிறார்களா, வேலை பார்க்கிறார்களா, நீங்கள் அங்கே தேர்வாளராகவோ சிறப்புரைக்கோ போயிருக்கிறீர்களா, அதன் முதல்வர் உங்கள் பழைய மாணவரா, ஆய்வு நெறியாளரா. இப்படி ஒன்று இருந்தால் விலகுவது அவமானம் இல்லை. மாணவர்களோடு பேசும்போது ஆசிரியர்கள் யாரும் அறையில் இருக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லுங்கள், அவர்கள் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களோடு மட்டும் பேசாமல் கேன்டீனில், பஸ் நிற்கும் இடத்தில் இருப்பவர்களோடும் பேசுங்கள். பார்த்ததை அன்றன்றே தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியாக அந்த ஆலோசகர் வேலை. ‘ஆய்வுதான் முடிந்துவிட்டதே’ என்கிறீர்கள். 7-வது பிரிவு, கடமையைச் செய்து முடித்த பிறகு பரிசாக வருவதையும் சேர்த்துத்தான் பேசுகிறது. நீங்கள் ‘ஏ பிளஸ்’ போட்ட குழுமம், இரண்டே மாதத்தில், சந்தை விலைக்கு மேல் ஒரு மதிப்பூதியம் என்று வந்தால், அது எதற்கான பணம் என்று விசாரிப்பவர் கேட்காமல் விடமாட்டார். இதுவரை உங்களுக்குச் சாதகமாக இருப்பது உறையைத் திருப்பிய அந்த ஒரு செயல்தான், இந்த வேலையை ஏற்றால் அதுவும் போய்விடும். தாளாளருக்கு ஒரே வரியில் பதில் அனுப்புங்கள்: ‘உங்கள் குழுமத்தின் எந்த நிறுவனத்துக்கும் எந்தப் பணியையும் நான் ஏற்க இயலாது.’ காரணம் எழுத வேண்டாம், நன்றி, வருத்தம் எதுவும் வேண்டாம், தொலைபேசியில் அழைத்தால் எடுக்க வேண்டாம். இந்த ஒரு வரியை இன்றே அனுப்பிவிடலாம், மற்றதெல்லாம் வழக்கறிஞரைப் பார்த்த பிறகு.